கல்லின் கடல் பக்கம்

டீச்சரின் மகள் அந்த வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது பாய்லர் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. காலை ஏழரை மணி. வெளியே மூன்று நாளாக விடாத தூறல். தூறல் பிடித்துக்கொண்டால் லாண்டிரிக்காரர்களுக்கு வரும் எரிச்சல் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கொடியில் போட்டது காயாது, காய்ந்தது மணக்காது, துணி வாங்க வருகிறவன் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான்.

"அத்தை, இதை உங்க கையாலதான் துவைச்சுத் தரணுமாம். மெஷின்ல போட வேணாம்னு அம்மா சொன்னாங்க. கஞ்சி லேசா போதுமாம்."

ஊருக்கெல்லாம் அவள் லாண்டிரி அக்கா. அறுபத்து மூன்று வயதிலும் அக்காதான். டீச்சரின் மகள் மட்டும் நடை பழகிய நாளிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

"கட்டில்ல விரிக்கவாம்மா?"

அந்தப் பெண் குடையை மடக்குவதுபோலக் குனிந்துகொண்டாள். "இல்ல அத்தை. அவங்களைச் சுத்துறதுக்கு. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அக்கா விரிப்பின்மேல் கையை வைத்தாள். நல்ல பருத்தி. ஓரத்தில் டீச்சர் வீட்டு மார்க், கிடையாக இரண்டு சிவப்புத் தையல், குறுக்கே நிமிர்ந்தாற்போல ஒன்று. அவளே போட்டதுதான்.

"இன்னொரு விஷயம் அத்தை. நகரசபைலேர்ந்து லெட்டர் வந்துடுச்சு. கல்லறையில புதுசா யாரையும் வைக்கிறதில்லைன்னு சொல்லிட்டிருந்தாங்க இல்ல? அப்பா குழியிலேயே அம்மாவை வச்சுக்கலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கப்பல்ல செத்தவங்க கல்லுல அப்பா பேருக்குக் கீழ அம்மா பேரும் வெட்டுவாங்களாம். அம்மா முகத்தை நீங்க பாக்கணுமே! ரெண்டு மாசம் கழிச்சு நேத்துதான் சிரிச்சாங்க."

"அப்படியா, நல்லதும்மா" என்றாள் அக்கா.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழியில் கிடப்பது டீச்சரின் கணவர் இல்லை. அக்காவின் தம்பி. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அக்கா. இன்னொன்று, உள்ளே ஈரத்துணியை உதறிக்கொண்டே அத்தனையையும் காதில் வாங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன், இஸ்திரிக்காரர்.

லாண்டிரிக்காரர்கள் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்யாத லாண்டிரியும் கிடையாது. வெளுக்க வந்த துணியை ஒரு நாளைக்கு இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஃபோட்டோ பிடித்துக்கொண்டது அடுத்தவன் சட்டையில்தான். சட்டை போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. மறுநாள் கஞ்சி மணக்க மணக்கச் சொந்தக்காரனிடம் போய்விடும்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. தம்பிக்குப் பத்தொன்பது. அக்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடியற்காலையிலேயே வந்து நின்றான்.

"அக்கா, நல்ல சட்டையா ஒண்ணு குடேன். ஒரே நாள். சாயங்காலக் கப்பல்ல திரும்பிடுவேன்."

"உன் சட்டைக்கு என்ன கேடு?"

"இதைப் போட்டுட்டுப் போனா வேலை குடுக்க மாட்டாங்க, பிச்சை போடுவாங்க."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் வினை. டீச்சரின் கணவர், போஸ்டாபீஸ் கிளார்க்கின் வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது. சிப்பிப் பட்டன் வைத்தது. அவசர அவசரமாகப் போட்டுப் பார்த்ததில் அடியிலிருந்த பட்டன் தெறித்து, அவன் செருப்புக்கடியிலேயே நொறுங்கிவிட்டது. அக்கா அவனுடைய பழைய சட்டையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டனை வெட்டி அங்கே தைத்தாள். கால்சட்டைக்குள் சொருகிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? "கறை கிறை பண்ணுன, தோலை உரிச்சுடுவேன்" என்று அனுப்பினாள். அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அவன் போய்ப் பத்து நிமிஷத்தில் கிளார்க்கே வந்து நின்றார். மாற்றல் விஷயமாக அக்கரையில் மேலதிகாரியைப் பார்க்கப் போகிறாராம். "வெள்ளைச் சட்டை ஆச்சா?" என்று கேட்டார். "இன்னும் காயல சார்" என்றாள் அக்கா. மனுஷன் முகம் சுளிக்காமல், போட்டிருந்த பழுப்புச் சட்டையோடு துறைமுகத்துக்கு நடந்தார்.

இருவரும் ஒரே கப்பலில் போனார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல் திட்டில் ஏறிச் சாய்ந்தது அந்தக் கப்பல். நூற்று அறுபத்து மூன்று பேர் செத்தார்கள்.

எட்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியவர்களுக்கு முகம் இல்லை. மீன் ஏலக் கொட்டகையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். துணியை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் லாண்டிரிக்காரியைக் கூட்டிவரச் சொன்னார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலராகத் திருப்பிப் பார்த்தாள். இது ரொட்டிக்கடைக்காரர். இது பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியார். பதினேழாவது காலரில் டீச்சர் வீட்டு மார்க், இரண்டு கிடை, ஒரு நிமிர். கீழே பார்த்தாள். கறுப்புப் பட்டன்.

"யாரோட சட்டைம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"போஸ்டாபீஸ் கிளார்க் சாரோட சட்டை" என்றாள் அக்கா.

பொய் இல்லை. சட்டை யாருடையது என்றுதான் கேட்டார்கள், ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த காலருக்குப் போனாள். இன்னும் இரண்டு பேருக்கு அடையாளம் சொல்லிவிட்டு, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். "அந்த சாரும் போயிட்டார், உன் தம்பியும் போயிட்டான். வெளிய சொன்னா ஊர்ச் சட்டையை எல்லாம் இரவல் விடுறோம்னு ஆகும். நாளைக்கு நம்மள நம்பி எவன் துணி போடுவான்?" என்றார். மறுநாள் சவப்பெட்டியைக் குழியில் இறக்கிவிட்டார்கள். நிறைமாதக்காரியை அருகில் விடக்கூடாது என்று டீச்சரை எட்டவே நிறுத்தியிருந்தார்கள். சட்டையைப் போகிற வழியில் வாங்கிக்கொள்வதாகக் கணவர் சொல்லிவிட்டுப் போயிருந்ததால் டீச்சருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா எனக்கு ஒரு பிடி மண்கூட இல்ல" என்று கதறினாள்.

அதற்குப்பின் கல்லறை நடுவில் கறுப்புக் கல்லில் ஒரு தூண் எழுப்பினார்கள். ஊரைப் பார்த்த பக்கம் கிடைத்தவர்கள் பெயர், குழி எண்ணோடு. கடலைப் பார்த்த பக்கம் கிடைக்காதவர்கள் பெயர். தம்பி கடல் பக்கத்தில் இருக்கிறான். அக்காவின் அம்மா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தாள். உடம்பு கிடைக்கவில்லை என்றால் ஆள் சாகவில்லை என்பது அவள் கணக்கு. எங்கேயோ நீந்திக் கரையேறி, தலையில் அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கிறான் என்று போகிற வருகிற மாலுமிகளிடமெல்லாம் விசாரித்தாள். அக்கா ஒரே ஒருமுறை, "கல்லறைப் பக்கம் போயிட்டு வரலாமாம்மா?" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "செத்தவங்க இருக்கிற இடத்துல எனக்கென்னடி வேலை?" என்றாள் அம்மா.

வருஷம் தவறாமல் கப்பல் கவிழ்ந்த நாளில் டீச்சர் லாண்டிரி வாசலில் வந்து நிற்பாள். இரண்டு பேரும் பூ வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரே குழி மேட்டில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுவார்கள். லாண்டிரிக்காரிக்கு எவ்வளவு இளகின மனசு என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அக்கா விரிப்பைத் தொட்டியில் நனைத்தாள். இஸ்திரிக்காரர் பின்னால் வந்து நின்றார். எழுபது வயது, இடுப்பு கூனிவிட்டது, வாய் மட்டும் கூனவில்லை.

"உன் முகம் போற போக்கே சரியில்ல."

"அவங்ககிட்ட சொல்லப்போறேன்."

"என்னத்த?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதீங்க."

அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் நிறுத்தினார். "நாப்பத்தோரு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்துட்ட. இன்னும் நாலு நாள் இருக்க மாட்டியா?"

"நாலு நாள் கழிச்சு யார்கிட்ட சொல்றது?"

"ஏன் சொல்லணும்? சாகப்போற பொம்பளை வாய்ல மண்ணைப் போடணுமா? நிம்மதியாப் போகட்டும்டி!"

"யாரோ ஒருத்தனோட படுக்கப் போறாங்க. அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"செத்தப்புறம் யாரோட படுத்தா என்ன? குளிரப்போகுதா?" இதைச் சொன்னதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலை இறக்கினார். "இந்தா பாரு. பெரியாஸ்பத்திரி விரிப்பு பூரா நம்மகிட்டதான் வருது. நம்பிக்கையான லாண்டிரின்னு போர்டுல போட்டிருக்கு. நம்ம மகன் வெளியூர்லேர்ந்து திரும்பி வந்து இதைத்தான் நடத்தப் போறேங்கிறான். ஒரு வார்த்தையில அத்தனையும் போயிடும்."

"தப்பு என் மேல. உங்களை இழுக்க மாட்டேன்."

"ஆமா, இத்தனை வருஷம் நான் எங்கேயோ இருந்தேன் பாரு!" என்று சொல்லிவிட்டு அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தலையணை உறை ஒன்றை வெறித்தனமாகத் தேய்த்தார். கருகின வாடை வந்தது. முப்பது வருஷத்தில் அவர் கருக்கின முதல் துணி அது.

மத்தியானம் சாப்பிட உட்காரவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கல்லறைக்கு நடந்தாள். அங்கே வாட்ச்மேனை எல்லோரும் பெயிண்டு என்பார்கள். தூணிலுள்ள பெயர்களுக்கு வெள்ளை பூசுவது அவன் வேலை. குழி ஓரத்தில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"வாங்கக்கா. டீச்சரம்மாவுக்கு அளவு பாத்துட்டிருக்கேன். முன்கூட்டியே பாத்து வச்சா நம்ம வேலை சுளுவு."

"உள்ள பெட்டி இருக்குமா தம்பி?"

"இந்த உப்பு மண்ணுல பெட்டியா? பலகை எப்பவோ மக்கியிருக்கும். எலும்பு இருக்கும். பொறுக்கி ஒரு பையில கட்டிக் கால்மாட்டுல வச்சுட்டு, டீச்சரம்மாவை இறக்குவோம்."

"கால்மாட்டுலயா?"

"பின்ன தலைமாட்டுலயா? இடம் வேணாமாக்கா?"

அக்கா தூணைச் சுற்றிக் கடல் பக்கம் போனாள். மேலிருந்து முப்பத்தேழாவது வரி, தம்பியின் பெயர். எழுத்து இருந்தது, வெள்ளை இல்லை. விரலால் தடவினாள்.

"அந்தப் பக்கம் பெயிண்டே நிக்க மாட்டேங்குது" என்று அங்கிருந்தே கத்தினான் பெயிண்டு. "கடல் காத்து நக்கிட்டுப் போயிடுது. கிடைச்சவங்க பக்கம் மூணு வருஷம் தாங்கும். கிடைக்காதவங்க பக்கம் மூணு மாசம் தாங்காது."

பைக்குள் கட்டி, யாரோ ஒருத்தியின் காலடியில் தம்பியை வைக்கப்போகிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்து, பாய்லர் பக்கத்தில் பிடித்துப் பிடித்து விரிப்பைக் காயவைத்து, தானே இஸ்திரி போட்டாள். புருஷனிடம் கொடுக்கவில்லை. மறுநாள் பிற்பகல் அதைக் கையில் ஏந்திக்கொண்டு டீச்சர் வீட்டுப் படியேறினாள்.

மருந்து வாடையடிக்கும் சின்ன அறை. ஜன்னலோரம் கட்டில். சுவரில் இன்னும் ஓர் உலகப் படம் தொங்கியது. டீச்சர் நாலு தலையணையில் சாய்ந்திருந்தாள். உடம்பு கரைந்துபோய் மூக்குக் கண்ணாடி மட்டும் பெரிதாக இருந்தது.

"வா லாண்டிரி. மடிப்பு நேரா இருக்கா? கோணலா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"படுத்துக்கிட்டும் குத்தம் கண்டுபிடிங்க டீச்சர்."

"உத்தியோகம் அப்படி." மகள் பக்கம் திரும்பினாள். "நீ போய் மருந்து வாங்கிட்டு வா. அத்தை இருக்கா இல்ல, பாத்துக்குவா."

மகள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. அக்கா நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா என்னைக் காறித் துப்புவீங்க. துப்புங்க. ஆனா கேட்டுடுங்க."

சொன்னாள். சட்டையை இரவல் கொடுத்ததிலிருந்து, காயவில்லை என்று பொய் சொன்னது, கொட்டகை, கறுப்புப் பட்டன், கதவைச் சாத்தினது வரைக்கும். எதையும் விடவில்லை. சொல்லும்போது அழவும் இல்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவர் என்ன போட்டுட்டுப் போனார்?"

"பழுப்புச் சட்டை டீச்சர். முழங்கைல ஒட்டுப் போட்டது."

"அந்த ஒட்டு நான் போட்டது." டீச்சரின் வாய் கோணியது. "மேலதிகாரியைப் பாக்கப் போறவர்... அந்தக் கிழிசலோடயா போனார்? வெள்ளைச் சட்டையில கம்பீரமாப் போனார்னு இல்ல இத்தனை நாள் நினைச்சுட்டிருக்கேன்!"

"டீச்சர்..."

"கப்பல்ல உன் தம்பியைப் பாத்திருப்பாரா? தன் சட்டையை இன்னொருத்தன் போட்டிருக்கிறதைப் பாத்திருப்பாரா?"

"அதை நினைக்காத நாள் இல்ல டீச்சர்."

"வருஷா வருஷம் போய்ப் பேசினேனே. பொண்ணு பாஸ் பண்ணினது, எனக்குக் கட்டி வந்தது, எல்லாத்தையும் சொன்னேனே. யார்கிட்டடி சொன்னேன்?"

"என் தம்பிகிட்ட."

"என்ன வயசு?"

"பத்தொம்பது."

"என் கிளாஸ் பையன் மாதிரி" என்று முனகினாள் டீச்சர். பிறகு குரல் கிழிந்தது. "நீயும் பக்கத்துல உக்காந்து அழுவியே! எனக்காக அழறேன்னு நம்பினேன். பாவி! என் துக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு உன் தம்பிக்கு அழுதியா? போ. வெளிய போ!"

அக்கா எழுந்தாள். கதவைத் தொடும்போது பின்னாலிருந்து, "நில்லு" என்று வந்தது. வகுப்பில் கேட்கிற அதே குரல்.

"இதை என் பொண்ணுகிட்ட சொல்லக் கூடாது. நான் செத்தப்புறமும் கூடாது."

"டீச்சர், என் தம்பி பேரு கடல் பக்கம்..."

"உன் தம்பி பேரு பத்தி எனக்கென்ன? அவ பொறந்தப்பவே அப்பா இல்ல. அவளுக்கு அப்பான்னா அந்தக் கல்லுதான். மூணு வயசுல அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்கினவ. அதை நீ பிடுங்கப் போறியா?" மூச்சு வாங்கியது. "எனக்கு இனி எங்க இடம் இருக்கு? கடல்ல கொண்டுபோய்ப் போடச் சொல்லவா? நான் அங்கதான் படுப்பேன். நீதான் அவனை எனக்குக் குடுத்த. குடுத்ததைத் திருப்பிக் கேக்காதே."

"கேக்கல டீச்சர்." அக்காவுக்கு இப்போதுதான் உடைந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "எதையும் கேக்கல. பையில கட்டிக் கால்மாட்டுல வைப்பேங்கிறான் பெயிண்டு. அது மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க. சின்னப் பையன் டீச்சர். நான் குடுத்த சட்டையிலதான் செத்தான். அவனைக் கால்ல போட வேணாம்."

டீச்சர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்து உன்னை அவ அத்தைன்னுதான் கூப்பிடுறா" என்றாள் சுவரிடம். "அப்படியே இருந்துட்டுப் போ."

அவ்வளவுதான். மகள் மருந்தோடு வந்தாள், அக்கா விரிப்பை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் வாசல்வரை போனாள். அம்மா யாரையும் பார்க்கமாட்டேன் என்கிறாள் என்று மகள் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் நாள் காலை டீச்சர் போய்விட்டாள்.

தூறல் அன்றும் விடவில்லை. இஸ்திரிக்காரர் லாண்டிரியைப் பூட்டிவிட்டு, அக்காவுக்குக் குடைபிடித்து நடந்து வந்தார். குழியைத் தோண்டிவைத்திருந்தார்கள். பெயிண்டு உள்ளே இறங்கி, கிடைத்ததையெல்லாம் ஒரு துணியில் சேர்த்துக்கொண்டிருந்தான். அக்கா அந்தத் துணியையே பார்த்தாள். அவ்வளவு சின்ன மூட்டையாக இருந்தான் தம்பி.

பெயிண்டு மூட்டையைக் கால் பக்கம் நகர்த்தப் போனான்.

"அங்க வேணாம்" என்றாள் டீச்சரின் மகள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "கடைசி நாள் அம்மாவுக்குப் பேச்சு வரல அத்தை. எழுதிக் குடுத்தாங்க. பாருங்க, அப்பக்கூடக் கோடு போட்ட மாதிரி எழுத்து."

அக்காவுக்குக் கண் தெரியவில்லை. இஸ்திரிக்காரர்தான் படித்தார். "கால்மாட்டில் வேண்டாம். என் கைப்பக்கம். விரிப்புக்கு உள்ளே."

"அப்பா மேல அவ்வளவு பிரியம்" என்று அந்தப் பெண் தேம்பினாள்.

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆச்சரியப்படவில்லை, அவள் இளகின மனசுக்காரி என்று ஊருக்குத் தெரியும். அவள் துவைத்து, அவள் மடிப்பு வைத்த விரிப்பைப் பிரித்து, மூட்டையை டீச்சரின் வலது கையோரம் வைத்துச் சுற்றினார்கள். இறக்கினார்கள். மண் விழும் சத்தம் கேட்டபோது அக்கா வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடப் போனாள். இஸ்திரிக்காரர் தோளை அழுத்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வந்தது. இனி அந்தப் பெயரை எங்கேயும் சொல்லி அழ முடியாது. வருஷா வருஷம் கூட்டிப்போக டீச்சரும் இல்லை.

எல்லோரும் கலைந்தபின் பெயிண்டு கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "அம்மா, மண்ணைச் சலிக்கும்போது இது கிடைச்சுது. உங்கப்பா சட்டைப் பட்டன்" என்று டீச்சர் மகளின் உள்ளங்கையில் கொட்டினான். அஞ்சு சிப்பிப் பட்டன், மழையில் பளபளவென்று.

அந்தப் பெண் அவற்றை முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழியில் அவள் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தது அவை மட்டும்தான், அவை அவள் கைக்கு வந்துவிட்டன.

"இது மட்டும் வேற மாதிரி இருக்கு அத்தை." ஆறாவதாக ஒன்றை விரலால் ஒதுக்கினாள். நாலு ஓட்டைக் கறுப்புப் பட்டன். "எதுலேர்ந்து வந்துதோ. அப்பாவோட சேர்ந்து இத்தனை வருஷம் கிடந்திருக்கு, எறிய மனசு வரல. நீங்க வச்சுக்கிறீங்களா? நீங்கதானே அப்பாவை எங்களுக்கு அடையாளம் காட்டிக் குடுத்தீங்க."

அக்கா கையை நீட்டினாள். பட்டன் உள்ளங்கையில் விழுந்தது. சட்டென்று மூடிக்கொண்டாள். "குடும்மா" என்று மட்டும் வந்தது.

திரும்பி வரும்போது தூணைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாக நடந்தார்கள். முப்பத்தேழாவது வரி இருந்த இடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இஸ்திரிக்காரர் அவள் கையைப் பார்த்தார்.

"என்ன குடுத்தா அந்தப் பொண்ணு?"

"பட்டன்."

"சாரோடதா?"

அக்கா மூடிய கையைத் திறக்கவில்லை.

"நம்மளோடது" என்றாள்.